ஸ்டவ் பின்னும் பைலட் ஜெட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. செங்கழுநீரம்மனைக் கும்பிட்டுவிட்டு வழக்கம்போலக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். ஊரைத் தாண்டித் தெற்கே மணலில் ஒரு பையன், இருபது வயதிருக்கும், பலூன் மாதிரி டயர் போட்ட நாலு சக்கர வண்டி ஒன்றைச் சாய்த்து வைத்து எதையோ குடைந்துகொண்டிருந்தான். சுற்றுலா வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிடுகிற வண்டி. ஏ.டி.வி. என்கிறார்கள். வண்டி கிளம்புகிறதாம், ஆக்ஸிலேட்டரை விட்டதும் நின்றுவிடுகிறதாம். அவன் ஒரு கையில் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பித்தளைச் சாமான். இன்னொரு கையில் கிளட்ச் வயரிலிருந்து பிரித்த ஒற்றை இழை.

"தம்பி, அது ஸ்லோ ஜெட்டா?" என்றேன்.

"ஆமா தாத்தா. அடைச்சிக்கினுகீது. குத்தி எடுத்துர்றேன்."

"குத்தாதே" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான். வேட்டி கட்டிய ஒரு கிழவன் கார்புரேட்டரைப் பற்றி இவ்வளவு பதறுவான் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். ஏன் பதறினேன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சொல்லப்போனால் என் குடும்பக் கதை, ஆனால் கார்புரேட்டரின் கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நம் வயதுக்காரர்களுக்கு ஜெட் என்றால் என்ன என்று விளக்க ஒரே ஒரு சொல் போதும்: ஸ்டவ் நிப்பிள். கேஸ் வருவதற்கு முன் எல்லார் வீட்டிலும் பம்ப் ஸ்டவ் இருந்தது. காற்றடித்தால் மண்ணெண்ணெய் ஏறி, நிப்பிளின் ஊசித் துளை வழியே சீறி வந்து நீலமாக எரியும். துளையில் கரி அடைத்தால் சுடர் சுருங்கும். தகர முனையில் மெல்லிய கம்பி வைத்த ஸ்டவ் பின்னால் குத்துவோம். பெட்டிக்கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பின்னால் குத்திக் குத்தித் துளை பெரிதாகிவிட்டால் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. அப்போது அம்மா, "நிப்பிள் போயிடுச்சி, புதுசு வாங்கியா" என்பார். அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பட்டப்படிப்புப் படித்த எனக்கு, மோட்டார் சைக்கிள் விஷயத்தில், தெரியாமல் போனது.

கார்புரேட்டரும் அதே வேலைதான் செய்கிறது. பெட்ரோலைத் துளை வழியே அளந்து, காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிறது. கார்ல் பென்ஸ் 1886இல் உரிமம் வாங்கிய முதல் மூன்று சக்கர வண்டியில் துளை கிடையாது. பெட்ரோலின் மேற்பரப்பில் காற்றைத் தவழவிட்டு ஆவியை இழுத்துக்கொண்டார். சூடு, குளிர், குலுக்கல் எல்லாவற்றுக்கும் தகுந்தபடி ஆவி மாறிக்கொண்டே இருக்கும். 1893இல் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், சிறு துளை வழியே பெட்ரோலைத் தெளிக்கிற முறையைத் தனித்தனியே கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு நூற்றிருபது வருடங்களுக்கு மேல், உலகத்தில் ஓடிய கோடிக்கணக்கான வண்டிகளின் நடை, ஊசி நுழையத் தயங்குகிற ஒரு துளையை நம்பித்தான் இருந்தது.

மோட்டார் சைக்கிளில் முக்கியமாக இரண்டு துளைகள். ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகி ஓட்டும்போது பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட். கைவிட்ட நிலையிலும், மெதுவாக உருட்டும்போதும் கொடுப்பது பைலட் ஜெட். அதைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் ஸ்லோ ஜெட் என்பார்கள். ஸ்லைடு மூடியிருக்கும்போது மெயின் ஜெட் பக்கம் உறிஞ்சல் போதாது. எஞ்சின் பக்கமுள்ள ஒரு சின்ன வாய் வழியே பைலட் ஜெட்டின் பெட்ரோல் மட்டும் போகும். ஆக்ஸிலேட்டரில் முதல் கால் பங்கு திருகும்வரை அதன் ஆட்சிதான். பெரிய ரோட்டில் போகிறவனுக்கு அது சின்ன விஷயம். மணலில், சேற்றில், மேட்டில் ஓட்டுகிறவனுக்கு வண்டியே அதுதான், ஏனென்றால் அவன் முக்கால்வாசி நேரம் அந்தக் கால் பங்குக்குள்ளேயே கிடக்கிறான்.

ஜெட் என்ற சாமானை நான் முதலில் பார்த்தது மோட்டார் சைக்கிளில் அல்ல. எங்கள் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். பெரியப்பா இந்தோசீனாவில் இருந்தவர். முதலியார்பேட்டை வீட்டில் அவரிடம் கறுப்பு நிறத்தில் ஒரு வேலோசோலெக்ஸ் இருந்தது. சைக்கிள்தான், முன்சக்கரத்துக்கு மேலே தலைப்பாகை வைத்தமாதிரி ஒரு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். ஒரு உருளை டயரை உரசி உருட்டும். சோலெக்ஸ் என்பது ஆதியில் கார்புரேட்டர் கம்பெனி. கூதார், மென்னெசோன் என்ற இரண்டு பிரெஞ்சு இன்ஜினியர்கள் தொடங்கியது. கார்களுக்கு கார்புரேட்டர் செய்து பேரெடுத்தவர்கள், இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1946இல், இந்த வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கார்புரேட்டர்காரர்கள் செய்ததாலோ என்னவோ, அந்த வண்டியின் கார்புரேட்டர் மிக எளிமை. மிதவையே கிடையாது. ஒரு சின்ன பம்ப் பெட்ரோலை மேலே தூக்கும், மிஞ்சியது வழிந்து டேங்குக்கே திரும்பிவிடும். ஒரே ஒரு ஜெட்.

பெரியப்பா அந்த ஜெட்டை ழிக்ளேர் என்பார். மெதுவாக ஓடுவதற்கான ஜெட் இருந்தால் அது ழிக்ளேர் த ரலாந்தி. மாதம் ஒருமுறை அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் வைத்து, வாயால் ஊதி, சூரியனைப் பார்த்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பார். பக்கத்தில் எப்போதும் என் தம்பி நிற்பான், வயது ஏழோ எட்டோ. எனக்கு அதில் நாட்டமில்லை. நான் உள்ளே உட்கார்ந்து அவருடைய பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் படம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீராம்பட்டினத்தில் வண்டி வந்த கதை வேறு. மீனவ கிராமம். கரையிலிருந்து ரோட்டுக்கு மணல். விடிகாலையில் வலை வந்ததும் பெண்கள் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அரியாங்குப்பம் வரை நடப்பார்கள். பஸ்காரர்கள் தண்ணீர் சொட்டுகிற மீன்கூடையை ஏற்ற முகம் சுளிப்பார்கள். என் அம்மாவும் அப்படிக் கூடை தூக்கியவர்தான். இதை மாற்றியது மொபெட். பிரான்சின் மொத்தோபெக்கான் கம்பெனியின் உரிமத்தில் திருப்பதியில் செய்த சுவேகா முதலில் வந்தது. 1972இல் லூனா. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபிறகு கரையோர ஊர்களின் மீன் வியாபாரமே மாறிப்போனது. பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் கூடை, நடுவில் ஆள். அந்த மொபெட்டுகளில் பலவற்றுக்கு ஒரே ஜெட்டுதான், பைலட் ஜெட் என்று தனியாக இல்லை. பழுதாவதற்குச் சாமான் குறைவு. மணலில் சிக்கினால் இறங்கித் தள்ளினால் போதும். 'ஆஃப்-ரோடு' என்று இன்றைக்கு ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு வீடியோ எடுக்கிறார்கள். எங்கள் ஊரில் அதை லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, எழுபது கிலோ சங்கராவோடு செய்தார்கள்.

பைலட் ஜெட் வைத்த பெரிய வண்டிகள் எங்களுக்கு வந்தது மெட்ராஸ் வழி. 1955இல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள், ராணுவத்துக்காக. பழைய புல்லட்டில் இருந்தது ஆமால் கார்புரேட்டர். ஆமால் என்பது 1927இல் பர்மிங்காமில் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாகி உருவானது. ஜப்பானில் மிகுனி கம்பெனி அதன் உரிமம் வாங்கிச் செய்தது. பழைய ஜப்பான் வண்டிகளில் மிகுனி, ஆமால் இரண்டு பெயரும் சேர்ந்தே பொறித்திருக்கும். பிறகு மிகுனி தன் காலில் நின்றது. அந்த மிகுனியின் கூட்டுறவில் எண்பதுகளில் மறைமலை நகரில் யூகால் கம்பெனி கார்புரேட்டர் செய்ய, புல்லட்டுக்கும் அதுவே வந்து சேர்ந்தது. பர்மிங்காமில் புறப்பட்டு டோக்கியோ சுற்றி, செங்கல்பட்டு ரயிலில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்க்கிற ஊருக்கு வந்த துளை!

துளை என்றதும் ஒரு சின்ன விலகல். எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றங்கரையில் காக்காயந்தோப்பு, அரிக்கமேடு. மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டிய இடம். சின்ன வயதில் மழை பெய்து விட்டதும் அங்கே மண்ணில் மணி பொறுக்கப் போவோம். கடுகளவு கண்ணாடி மணிகள், கல்மணிகள். அதில் நூல் கோக்க ஒரு துளை. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தத் துளையைப் போட்டவன் எங்கள் ஊர்க்காரன். தம்பி எப்போதும் மணியைக் கண்ணருகே பிடித்து வெளிச்சம் தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பான்.

தம்பி பத்தாம் வகுப்பில் தவறினான். 1974இல் டவுனில் ஒரு மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தான். அப்பாவுக்கு அவன் கடலுக்கு வரவில்லை என்று வருத்தம். எனக்கு வேறு வருத்தம். அப்போதுதான் அரசு வேலையில் சேர்ந்திருந்தேன். ஆபீசில் யாராவது "உங்க தம்பி என்ன பண்றார்?" என்று கேட்டால், "டவுன்ல இருக்கான்" என்று நிறுத்திக்கொள்வேன். ஒருநாள் கிரீஸ் கையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தவனை, "இங்கெல்லாம் வராதே, வீட்டுல பேசிக்கலாம்" என்று அனுப்பினேன். அவன் பதில் சொல்லாமல் போனான். அதற்குப் பிறகு அவன் வரவேயில்லை.

அவனும் அந்த ஒர்க்‌ஷாப் பையன்களும் பிப்ரவரியில் சோழவரம் போவார்கள். பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற ரேஸ். அங்கே சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் விரல் நுனி பெரிசு பிளாஸ்டிக் டப்பாவில் வரிசை வரிசையாக ஜெட் வைத்துக்கொண்டு, வெயில் ஏற ஏற மாற்றுவார்களாம். "ஜெட்டைக் குத்துறவன் எவனும் அங்க இல்லண்ணே, மாத்துறான்" என்று வந்து சொன்னான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1985 கடைசியில் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. நூறு சி.சி.தான், ஆனால் அதன் ஓட்டம் ஊரையே பைத்தியமாக்கியது. கடன் போட்டு 1987இல் ஒன்று வாங்கினேன். தம்பியிடம் சர்வீஸ் விடவில்லை. அவனிடம் விட்டால் காசு வாங்க மாட்டான் என்பது வெளியில் நான் சொன்ன காரணம்.

1989 ஆனி மாதம். காய்ச்சலில் இரண்டு வாரம் நான் படுத்துவிட்டதில் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எழுந்து உதைத்தால் பிடிக்கிறது, கைவிட்டால் ஆஃப். நின்றுபோன வண்டியில் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் பிசின்போல ஜெட்டில் படியும். அந்தக் காலத்தில் பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்படமும் சகஜம். போதாததற்குக் கடற்காற்றின் உப்பு. யாரோ சொன்னபடி நானே கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். நடுவில் மெயின் ஜெட், பக்கத்தில் ஒரு குழிக்குள் ஆழமாகப் பைலட் ஜெட். அடுப்படியிலிருந்து ஸ்டவ் பின்னை எடுத்து வந்தேன். நாலு குத்து. அடைப்புப் போயிற்று, வண்டி நின்று ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மூன்று வாரத்தில் புகை கூடியது. மைலேஜ் குறைந்தது. காலையில் சுலபமாகக் கிளம்பும், சூடானபின் நிறுத்தினால் அடம்பிடிக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஈரக் கரி. துடைத்துப் போட்டுக்கொண்டே காலம் தள்ளினேன்.

ஆடி பிறந்துவிட்டது. ஊரில் தேருக்குப் பந்தல் கால் நட்ட சமயம். எங்கள் தேரைப் பிரெஞ்சுக் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடிப்பார், இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வருகிறார். அந்த நெருக்கடியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்துமா முன்பே உண்டு, ஆனால் அப்படி இழுத்து நான் பார்த்ததில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அம்மாவை நடுவில் உட்காரவைத்து, என் மனைவி பின்னால் அணைத்துப் பிடிக்க, பெரியாஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். மணல் ரோட்டில் மெதுவாக உருட்டி, கடலூர் ரோடு ஏறி, அரியாங்குப்பம் பாலத்துக்கு வந்தால் பாலத்தின் மேல் லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நிற்கிறது. வழிவிடும்வரை வண்டியை அணைக்கப் பயந்து, நின்ற நிலையிலேயே ஓடவிட்டேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது. தடதடத்து நின்றது. உதைத்தேன், உதைத்தேன். பிடிக்கவில்லை. பிளக் நனைந்து போய்விட்டது என்று தெரிகிறது, ஸ்பேனர் இல்லை. அம்மாவின் இழுப்பு எனக்கு எஞ்சின் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

காய்கறி லாரிக்காரர் ஒருவர் அம்மாவையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டார். அம்மா பிழைத்தார், அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார். அந்த லாரிக்காரர் பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

விடிந்ததும் தம்பிதான் பாலத்துக்கு வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மாலையில் அவன் கடைக்குப் போனேன். அதற்குள் அரியாங்குப்பத்தில் தனியாகக் கடை போட்டிருந்தான், முதல்முறையாக அன்றுதான் உள்ளே போகிறேன். ஜெட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, பெரியப்பா மாதிரியே வானத்தைப் பார்த்துப் பிடித்திருந்தான்.

"அண்ணே, இதுல ஸ்டவ் பின்னு போட்டது யாரு?"

"நான்தான்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் கொடுத்து, "பாரு" என்றான். பார்த்தேன். வெளிச்சம் வட்டமாக இல்லை, வாழைப்பூ மடல் மாதிரி ஒருபக்கம் நீண்டிருந்தது. பக்கத்தில் புது ஜெட்டைக் காட்டினான். ஊசிமுனை நட்சத்திரம்போல வட்டமாக, கூர்மையாக.

அப்புறம் அவன் எனக்குப் பாடம் எடுத்தான். பதினைந்து வருடத்தில் அவன் என்னோடு தொடர்ச்சியாகப் பேசியது அன்றைக்குத்தான். பித்தளை மெத்து, இரும்புக் கம்பி பட்டால் தேயும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கெய்ஹின் கம்பெனி ஜெட்டில் 38 என்று போட்டிருந்தால் 0.38 மில்லிமீட்டர் என்று அர்த்தம். அது 0.42 ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துளையின் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அவ்வளவு பெட்ரோல் கூடுதலாக, ஓடாமல் நிற்கும்போதெல்லாம், எஞ்சினுக்குள் இறங்கும். ஆமாலின் எண் துளையின் அளவு அல்ல, நிமிடத்துக்கு எத்தனை சி.சி. பாய்கிறது என்கிற கணக்கு. மிகுனியில் பதினேழரை, இருபது, இருபத்திரண்டரை என்று இரண்டரை இரண்டரையாக ஏறும். ஒரு கம்பெனி எண்ணை இன்னொன்றில் பார்த்து வாங்கினால் மோசம் போவோம்.

அடைப்பு எடுக்க அவன் பயன்படுத்தியது என்ன தெரியுமா? தங்கூசி வலையின் இழை. நம் கரையில் கிழிந்து கிடக்கிற நைலான் நரம்பு. ஜெட்டை ராத்திரி முழுக்கப் பெட்ரோலில் ஊறப்போட்டு, நரம்பை ஒருமுறை விட்டெடுத்து, காற்றடிப்பான். பித்தளையை அது ஒன்றும் செய்யாது. அப்பாவின் வலையிலிருந்தே வெட்டி எடுத்து ஒரு சுருள் ஆணியில் மாட்டியிருந்தான். அப்படியும் வட்டம் சரியில்லை என்றால் தயவே கிடையாது, மாற்றிவிடுவான்.

மாற்றுவதிலும் கை வேண்டும். பெட்ரோலை மூடி, கிண்ணத்தை வடித்து, ஸ்க்ரூவைக் கழற்றி, குழிக்குள் சரியாகப் பொருந்துகிற அகலத்தில் ஸ்க்ரூடிரைவர் விடவேண்டும். அகலம் குறைந்தால் காடி சிதைந்து ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதியதை இறுக்கும்போது விரல்பலம்தான். பிறகு காற்றுத் திருகை உள்ளே முழுக்கத் திருகி, ஒவ்வொரு கால் சுற்றாக வெளியே எடுத்துக்கொண்டே காதால் கேட்பான். எஞ்சின் எங்கே சீராக, கொஞ்சம் வேகமாக ஓடுகிறதோ அங்கே நிறுத்துவான். ஒரு சுற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் ஜெட் சிறிது, ஒரு நம்பர் ஏற்று. இரண்டரை சுற்றுக்கு மேல் போனால் பெரிது, ஒரு நம்பர் இறக்கு. திருகு எஞ்சின் பக்கம் இருக்கிற கார்புரேட்டரில் அது பெட்ரோல் திருகு, கணக்கு தலைகீழ். இதைத் தெரியாமல் திருகித் திருகியே வண்டியைக் கெடுத்தவர்கள் ஏராளம் என்பான்.

மணலில் ஓட்டுகிற வண்டிக்கு இந்தக் கணக்கு உயிர்நாடி. 1978 டிசம்பர் 26இல் பாரிஸிலிருந்து டக்காருக்கு முதல் பாலைவன ரேஸ் கிளம்பியது. முதல் வருடம் ஜெயித்தவர் சிரில் நெவே, யமஹா எக்ஸ்.டி. 500 மோட்டார் சைக்கிளில். பெரியப்பா வீட்டுக்கு வந்த பத்திரிகைகளில் அந்தப் படங்களைத் தம்பி வெட்டிக் கடையில் ஒட்டியிருந்தான். மணலின் இழுப்பில் எஞ்சின் சூடேறும், காற்று வடிகட்டியில் தூசி அடைக்கும், கலவை மாறும். நாலு சக்கர மணல் வண்டியின் பூர்வீகமும் இதே காலம்தான். 1970இல் ஹோண்டா பலூன் டயர் போட்டு மூன்று சக்கரத்தில் ஒன்று கொண்டுவந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் சுசுகி நாலு சக்கரத்தில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் பண்ணைக்கும் வேட்டைக்கும் போன அந்த வண்டியின் சீனத்துக் குட்டித்தான் இன்றைக்கு நம் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றுகிறது.

தொண்ணூறுகளில் தம்பி கடைக்குக் கூட்டம் வந்தது, ஆனால் வேறொரு காரணத்தால். 1989 மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தச் சோதனை வண்டியை நின்ற நிலையில் ஓடவிட்டு எடுப்பது. அதாவது சர்க்கார் அளந்தது எஞ்சினை அல்ல, பைலட் ஜெட்டை. புகை சர்டிபிகேட் வாங்கக் காற்றுத் திருகைத் திருகிக் காட்டிவிட்டு, வெளியே வந்து பழையபடி திருகிவைப்பவர்கள் உண்டு. தம்பியிடம் அது நடக்காது. "ஜெட்டு மாத்து, இல்லன்னா வேற கடைக்குப் போ" என்பான். புதுச்சேரியில் வரி குறைவு என்று கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பெட்ரோல் போட வருகிறவர்கள் அப்படியே அவன் கடைக்கும் வந்தார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புல்லட்டில் லடாக் போகிற பையன்கள் வந்தார்கள். ஐயாயிரம் மீட்டருக்கு மேலே, கர்துங் லாவில், காற்று இங்கே இருப்பதில் ஏறக்குறைய பாதி. வீராம்பட்டினத்துக் கடல் மட்டத்துக்குச் சரியாயிருந்த ஜெட் அங்கே பெட்ரோலைக் கொட்டும். தம்பி ஒரு நம்பர் குறைந்த ஜெட்டைத் தாளில் மடித்து, "மேல போயி மாத்து. இறங்குனதும் மறக்காம திருப்பி மாத்து" என்று கொடுத்தனுப்புவான். மேலே போய் மாற்றியவர்கள் பாதிப்பேர். திருப்பி மாற்றாமல் வந்து எஞ்சின் சூடேறி இறுகிப்போனவனும் ஒருவன் உண்டு, பெயர் சொல்லக்கூடாது என்று கேட்டிருக்கிறான்.

2015இல் சி.எஸ். சந்தோஷ் டக்கார் ரேஸை முடித்த முதல் இந்தியர் ஆனார். கே.டி.எம். வண்டி. தம்பி பேப்பரைப் பார்த்து, "ஜெட்டு இல்லண்ணே அதுல" என்றான். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 2016இல் கார்புரேட்டரோடு வந்தது, மறு வருடமே இன்ஜெக்டருக்கு மாறியது. பிறகு 2020 ஏப்ரல் 1, பாரத் ஸ்டேஜ் 6. அந்தத் தேதியோடு புது மோட்டார் சைக்கிள்களிலிருந்து கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெட்ரோலை அளக்கிறது இப்போது ஒரு கணினி. காற்றின் அழுத்தம், எஞ்சின் சூடு எல்லாம் பார்த்து அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. லடாக்குக்குத் தாளில் மடித்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அது நல்லதுதான், என் அம்மா மாதிரி யாரும் பாலத்தில் நிற்கவேண்டியதில்லை. பழைய வண்டிகளுக்கு மட்டும் புதுத் தொல்லை: பெட்ரோலில் எத்தனால் 2022இல் பத்து சதவீதம் ஆனது, அடுத்து இருபது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நிறுத்திவைத்த வண்டியில் ஜெட்டுக்குள் பச்சையாகக் களிம்பு படிகிறது.

தம்பி 2021இல் கடையை மூடினான். கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. துளை தெரியவில்லை என்றான்.

அந்தக் கடற்கரைப் பையனுக்கு வருகிறேன். அவனைக் கையோடு தம்பி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தம்பி திண்ணையில் இருந்தான். ஜெட்டை வாங்கி, எண்ணைப் பையனைப் படிக்கச் சொன்னான். உள்ளே போய் ஒரு பழைய ஃபிலிம் ரோல் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் கொட்டினான். பத்து நாற்பது ஜெட் இருக்கும். விரலால் தடவித் தடவி மூன்றை ஒதுக்கி, "இதுல நம்பரு பாரு" என்றான். ஒன்று சரியாக இருந்தது.

"எவ்ளோ தாத்தா?"

"வண்டி எத்தனை ரூபா ரவுண்டு?"

"நூறு."

"எங்க அண்ணனை ஒரு ரவுண்டு ஏத்திக்கினு போயி விடு. போதும்."

பையன் சிரித்தான். நான் வேண்டாம் என்றேன். இருட்டுவதற்குள் மாற்றிவிட்டு, ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். இருவருமே போனோம். நான் ஏறவில்லை; தம்பி ஏறினான். மணலில் போய்த் திரும்பி, என் முன்னால் வந்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டான். எஞ்சின் நிற்கவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"கால் சுத்து வெளிய எடு" என்றான் பையனிடம்.